நூற்று அறுபத்து மூன்று சொற்கள்

நிப்லா: “சிறு வயது முதலே வெள்ளை அங்கி அணிந்து, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்புடன் ஏழை மக்களுக்குச் சேவை செய்ய வேண்டும் என்பதே எனது இலட்சியக் கனவாகும்…” ஜெனிஸ்டா!

ஜெனிஸ்டா: என்னங்கக்கா?

நிப்லா: இத நீதான் எழுதினாயா?

ஜெனிஸ்டா: ஆமாக்கா… கொஞ்சம் பாத்து எழுதினேன்.

நிப்லா: எதப் பாத்து?

ஜெனிஸ்டா: போன்ல… ஒண்ணு வந்துச்சு.

நிப்லா: அந்த ‘ஒண்ணு’ இரத்தோட்டையில எல்லாட போனுக்கும் வந்தீக்கி. இந்த மாசம் இந்தக் கடையில நான் டைப் பண்ற ஏழாவது வெள்ள அங்கி இது. வெள்ள உடுப்புல அவ்வளவு ஆசன்னா ஒரு லோண்டரி போடு. மெடிசின் என்னத்துக்கு?

ஜெனிஸ்டா: அக்கா… சிரிக்காதீங்க. இன்னைக்கு நாலு மணிக்கு அப்ளிகேஷன மூடிருவாங்க.

நிப்லா: தெரியும். இப்ப ஒண்ணே முக்கால். “வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிப் புலமைப்பரிசில். நீங்கள் ஏன் மருத்துவராக விரும்புகிறீர்கள்? ஐந்நூறு சொற்களுக்கு மேற்படாமல்.” அவங்க கேட்டீக்கிறது ஒன்னயப் பத்தி. நீ எழுதீக்கிறது ஸ்டெதஸ்கோப்பப் பத்தி.

ஜெனிஸ்டா: என்னப் பத்தி எழுத என்னங்க இருக்கு? தேயிலக் கொழுந்து எடுக்கிற அம்மா, பெக்டரியில வேல செய்ற அப்பா, ஏ.எல். பரீட்ச மூணு ஷை எழுதியும் வெட்டுப்புள்ளிக்குக் கீழ ஒரு மயிரிழையில நின்னுட்ட நானு. எல்லாந்தான் ரிசல்ட் ஷீட்ல இருக்கே.

நிப்லா: மூணாவது ஷையும் முடிஞ்சா… இங்க கெம்பஸ்ல மெடிசினுக்கு இனி வழியில்ல?

ஜெனிஸ்டா: இல்லக்கா. அந்தக் கதவச் சாத்தியாச்சு. இது ஒண்ணுதான் மிச்சம். அதான் நல்ல தமிழா இருக்கட்டுமேன்னு பாத்து எழுதினேன்.

நிப்லா: நல்ல தமிழ் தான். ஆனா ஆள் இல்லாத தமிழ். நான் இத இங்கிலீஷ்ல மாத்தினா ஆள் இல்லாத இங்கிலீஷ் வரும். வெளிய போர்ட்ல என்ன போட்டீக்கி, வாசிச்சாயா?

ஜெனிஸ்டா: ‘நிப்லா பாறூக், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்.’

நிப்லா: சத்தியம். வெளங்குதா? ஒவ்வொரு சொல்லுக்கும் நான் பொறுப்பு. மூணு கிழமைக்கு முந்தி ஒண்ட பேர்த் சேட்டிபிகேட்ட மாத்தித் தந்தேன் தானே. ஒங்கப்பாட பேர்ல ஒரு எழுத்துக்கு நாலு தடவ கோல் எடுத்தேனா இல்லையா?

ஜெனிஸ்டா: எடுத்தீங்க. அப்பா பயந்துட்டாரு. ‘அந்தோனிமுத்துல ஏதோ கேஸ் இருக்காம்’னு லயத்து வீடு பூரா சொல்லிட்டாரு.

ரிஸ்வி: நிப்லா, முன்கடையில எடமில்ல, இந்தக் கராம்புச் சாக்க இங்கால வைக்கவா? ஒண்ட கம்பியூட்டருக்குத் தூசு போகாதே?

நிப்லா: வைங்க நானா. பிரின்டருக்கு மேல மட்டும் வெச்சிராதீங்க.

ரிஸ்வி: யாரு, மேல் டிவிஷன் தோட்டத்துப் புள்ளையா? இன்னம் முடியல்லயா ஒங்கட வேல? ரிவர்ஸ்டன் மலப் பக்கம் கறுத்துக்கிட்டு வருது. மழ எறங்கினா கரண்ட் போகும், செல்லிட்டேன்.

ஜெனிஸ்டா: ஐயோ… கரண்ட் போனா?

ரிஸ்வி: போனா போன்ல அனுப்பலாம், பயப்படாத. இவ செஞ்சி தருவா. மெடிசின் விசயம் இவக்கித் தெரியாதா? இவளும் பயோ படிச்சவ தானே. திடீர்னு ஒரு நாள் ஆர்ட்ஸுக்கு மாறிட்டா. எங்கட வாப்பா எவ்வளவு கேட்டும் காரணம் செல்லல்ல. இப்ப ஆஸ்பத்திரி பேப்பர் ஒண்ணு வந்தா, திருப்பிக் கண்டிக்கி அனுப்புறா.

நிப்லா: நானா, கராம்பு.

ரிஸ்வி: போறேன், போறேன். உண்மையச் சென்னா கராம்பு.

ஜெனிஸ்டா: ஆஸ்பத்திரி பேப்பர் எடுக்க மாட்டீங்களாக்கா?

நிப்லா: மாட்டேன்.

ஜெனிஸ்டா: ஏன்?

நிப்லா: தலையிடி. அது கெடக்கட்டும். விண்ணப்பப் போம்ல ரெண்டு ரெஃபரி, ஒன்னயப் பத்திச் சாட்சி செல்ற ஆள், கேட்டீக்கி. முதலாவது பங்குச் சாமியார் போட்டாச்சி. ரெண்டாவது வெறுமையா கெடக்கு. யாரு?

ஜெனிஸ்டா: அத… கடைசியில சொல்றேன்.

நிப்லா: கடைசின்னா எப்ப? சொந்தக்காரர் கூடாது. அஞ்சு வருஷத்துக்குக் கொறயாம ஒன்னயத் தெரிஞ்சீக்கணும். பிரின்ஸிபலப் போடேன்.

ஜெனிஸ்டா: அவரு போன வருசந்தான் வந்தாரு. ஆளு இருக்காங்கக்கா. கேக்கணும்… அவ்வளவுதான்.

நிப்லா: சரி. இப்ப எனக்கு ஒண்ணு செல்லு. நேத்து செவ்வாக்கிழமை. கடையில ஆள் இல்ல, வா, ஆறுதலா எழுதலாம்னு சென்னேன். ஏன் வரல்ல?

ஜெனிஸ்டா: செவ்வாக்கிழமை முடியாதுக்கா.

நிப்லா: ஏன்?

ஜெனிஸ்டா: அன்னைக்கு கிளினிக்.

நிப்லா: யாருக்கு வருத்தம்? ஒனக்கா சொகமில்ல?

ஜெனிஸ்டா: எனக்கில்ல. தோட்டத்து ஆளுங்க காலையில மொத பஸ்ல ஆஸ்பத்திரிக்குப் போவாங்க. பாதிப் பேருக்கு சிங்களம் வராது. நா கூடப் போயி நிப்பேன். அவங்க சொல்றத சொல்லுவேன், டொக்டர் சொல்றதத் திருப்பிச் சொல்லுவேன். அவ்வளவுதான்.

நிப்லா: எவ்வளவு காலமா?

ஜெனிஸ்டா: ஓ.எல். பரீட்ச முடிச்சதுலருந்து. அஞ்சு வருசம் இருக்கும். எக்ஸாம் நாள் மட்டும் போகல.

நிப்லா: அஞ்சு வருஷமா ஒவ்வொரு செவ்வாயும்?

ஜெனிஸ்டா: ம்.

நிப்லா: இத ஏன்டீ எழுதல்ல?

ஜெனிஸ்டா: இதெல்லாம் ஒரு விசயமாக்கா? சேட்டிபிகேட் ஒண்ணும் இல்லையே. நா எழுதி வெச்ச ஒரு கொப்பிதான் இருக்கு.

நிப்லா: என்ன கொப்பி?

ஜெனிஸ்டா: சும்மா… நம்ம ஆளுங்க வருத்தத்துக்கு சொல்ற சொல்லு. அதுக்கு என்ன அர்த்தம், சிங்களத்துல என்னன்னு. டொக்டர்மார் மாறிப் போறாங்கல்ல, புதுசா வர்றவங்களுக்கு நா சொல்லிக் குடுக்க.

நிப்லா: பேக்ல ஈக்கா?

ஜெனிஸ்டா: இருக்கு…

நிப்லா: எடு. எடு புள்ள! கும்பிட்டுக் கேக்கணுமா? …ஆ. இது… “நெஞ்சு கரிக்குது: இருதயம் இல்லை. சாப்பாடு, புளிப்பு. எப்போது சாப்பிட்டார் என்று கேட்க வேண்டும்.” “கண்ணில் பூச்சி பறக்குது: இரத்தம் குறைவு அல்லது பிரஷர்.” “உள்காய்ச்சல்: தேர்மோமீட்டரில் வராது. ஆனாலும் இல்லை என்று சொல்லக்கூடாது.” இது யாரு சென்ன?

ஜெனிஸ்டா: யாரும் சொல்லல. ‘காய்ச்சல் இல்ல, போ’ன்னு அனுப்பினா அடுத்த தடவ வரவே மாட்டாங்கக்கா. அதுக்காக எழுதினேன்.

நிப்லா: “மேலுக்கு முடியல: இது வருத்தத்தின் பெயர் இல்லை, கதவு. இன்னும் இரண்டு கேள்வி கேட்டால்தான் திறக்கும்.” மாஷா அல்லாஹ்… ஜெனிஸ்டா, இந்தத் தமிழ்ல எழுதத் தெரிஞ்சவ, போன்ல வந்த வெள்ள அங்கியப் போட்டுக்கிட்டு வந்து நிக்கிறாய்.

ஜெனிஸ்டா: அது எனக்கு எழுதினதுக்கா. இது அவங்களுக்கு.

நிப்லா: அவங்களுக்கும் இதுதான் வேணும். “வாய்வு: எல்லாவற்றுக்கும் சொல்வார்கள். மூன்று தடவை திருப்பிக் கேட்க வேண்டும்.” ஏன் இதுக்கு செவப்புப் பேனையால கோடு?

ஜெனிஸ்டா: அது… நா விட்ட பிழ.

நிப்லா: என்ன பிழ?

ஜெனிஸ்டா: இராமசாமி தாத்தான்னு ஒருத்தரு. வாய்வுன்னு நெஞ்சத் தடவினாரு. நானும் வாய்வுன்னே டொக்டர்கிட்ட சொல்லிட்டேன். டொக்டர் எதுக்கும் பாப்போம்னு ஈ.சி.ஜி. எடுத்தாரு. பாத்தா ஹார்ட் அட்டேக். அன்னைக்கே வார்ட்ல போட்டாங்க. பொழச்சிட்டாரு. அந்த டொக்டர் மட்டும் என்ன நம்பி விட்டிருந்தாருன்னா…

நிப்லா: நீ என்ன செஞ்சாய்?

ஜெனிஸ்டா: டொய்லெட்டுக்குப் போயி அழுதேன்.

நிப்லா: பொறகு?

ஜெனிஸ்டா: பொறகென்ன… அடுத்த செவ்வாக்கிழமையும் போனேன்.

நிப்லா: …அடுத்த செவ்வாயே போனாயா?

ஜெனிஸ்டா: போகத்தானே வேணும். அவங்க அந்த மொத பஸ்ஸுக்கு வந்து நிப்பாங்களே. ஏன்க்கா?

நிப்லா: ஒண்ணுமில்ல. எத்தன சொல்லு ஈக்கி இதுல?

ஜெனிஸ்டா: நூத்தி அறுவத்தி மூணு.

நிப்லா: ஒண்ணாவது எது? முதல் பக்கம்… 

ஜெனிஸ்டா: வாசிங்களேன்.

நிப்லா: “முழுகாம.”

ஜெனிஸ்டா: ஆமா.

நிப்லா: இத விடுவோம். நெஞ்சு கரிக்கிறதுல தொடங்கலாம். அது நல்லா ஈக்கி.

ஜெனிஸ்டா: ஏன்க்கா? மொத சொல்லே அதுதான். அதுலருந்துதான் இந்தக் கொப்பியே.

நிப்லா: ஐந்நூறு சொல்லு தான். எல்லாம் போட ஏலாது.

ஜெனிஸ்டா: மத்ததெல்லாம் வேணும்னா எடுத்துருங்க. இத மட்டும் போடணும். நா சொல்றேன், நீங்க டைப் பண்ணுங்க.

நிப்லா: …செல்லு.

ஜெனிஸ்டா: எனக்குப் பதினோரு வயசு. அம்மா கொழுந்துக் கூடையோட படியில வழுக்கி விழுந்துட்டாங்க. இடுப்புல நல்ல அடி. அப்பாவுக்கு வேல. நாந்தான் கூடப் போனேன். அன்னைக்கு டொக்டருக்குத் தமிழ் தெரியல, நர்ஸ் மிஸிக்கும் தெரியல. மிஸி வெளிய வந்து ‘தெமள தன்ன கவுத்?’னு கத்தினாங்க. தமிழ் தெரிஞ்சவங்க யாருன்னு.

நிப்லா: ம்.

ஜெனிஸ்டா: ஸ்கூல் உடுப்புல ஒரு அக்கா எழும்பி வந்தாங்க. அவங்க அப்பாவ கிளினிக்குக்குக் கூட்டிட்டு வந்திருந்தாங்க. சிங்களம் சரளமாப் பேசுனாங்க. அம்மா விழுந்தது, எங்க வலி, எப்படி வலி, எல்லாத்தையும் அழகா சொன்னாங்க. டொக்டர் எக்ஸ்ரே எழுதினாரு. அப்ப அம்மா, ‘மூணு மாசமா முழுகாம இருக்கேன், அதையும் சொல்லிரும்மா’ன்னாங்க. அந்த அக்கா மிஸிகிட்ட சொன்னாங்க, ‘மாச துனக் நாலா நே’ன்னு. மூணு மாசமா குளிக்கலையாம்.

நிப்லா: டைப் பண்றேன். செல்லு.

ஜெனிஸ்டா: மிஸி மூக்கப் பொத்திக்கிட்டாங்க. அம்மாவ அந்தத் திட்டுத் திட்டினாங்க. அம்மா என்ன நெனச்சாங்க தெரியுமா? இன்னொரு புள்ள பெத்துக்கிறதுக்குத்தான் திட்டுறாங்கன்னு நெனச்சித் தலையக் குனிஞ்சிக்கிட்டாங்க. நா முந்தி சிரிச்சிட்டேன். கடத்தெருவுல கேட்டுக் கேட்டு எனக்கு ‘நாலா நே’ மட்டும் வெளங்கும். எங்கம்மா குளிக்காமயா? தெனம் தண்ணிப் பீலிக்கரையில சண்ட போட்டுக் குளிக்கிறவங்க…

நிப்லா: பொறகு?

ஜெனிஸ்டா: பொறகு எக்ஸ்ரே ரூமுக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கதவுல ஒரு படம். வயித்துல புள்ளையோட ஒரு பொம்பள, மேல செவப்புல ஒரு வெட்டு. எழுத்து வாசிக்கத் தெரியல. படம் வெளங்குச்சு. கதவு சாத்துற நேரம். எனக்குத் தெரிஞ்ச ஒரே சிங்களம்… ‘பபா! பபா!’ன்னு கத்திக்கிட்டு கதவத் தட்டினேன். குழந்த, குழந்தன்னு. மொத்த ஹோலும் திரும்பிச்சு. உள்ளருந்து ஒருத்தர் ஓடியாந்தாரு.

நிப்லா: எடுக்கல்ல தானே? எக்ஸ்ரே?

ஜெனிஸ்டா: எடுக்கல. நிப்பாட்டிட்டாங்க. டொக்டர் வந்தாரு, அம்மா வயித்தத் தொட்டுப் பாத்தாரு, எனக்கு ஒரு டொஃபி குடுத்தாரு. என்னமோ சொன்னாரு, வெளங்கல.

நிப்லா: புள்ள…?

ஜெனிஸ்டா: அம்மாவக் கேக்குறீங்களாக்கா?

நிப்லா: இல்ல. அந்தப் புள்ள. வயித்துல ஈந்தது.

ஜெனிஸ்டா: தங்கச்சிதானே! இப்ப அஞ்சாம் வகுப்பு. வாயி காது வரைக்கும். அவ பேசுறதுக்குத்தான் மொழிபெயர்ப்பாளர் வேணும்.

நிப்லா: அல்ஹம்துலில்லாஹ்.

ஜெனிஸ்டா: அக்கா, கண்ணு…

நிப்லா: கராம்புத் தூசு. நானாக்கு எத்தன தடவ செல்றது… சரி, நான் எழுதினத வாசிக்கிறேன், கேளு. “அவ்வேளை, மொழியைச் சரியாக அறியாத பொறுப்பற்ற ஒரு மாணவி…”

ஜெனிஸ்டா: பொறுப்பற்றன்னு நா சொல்லல.

நிப்லா: செல்லத் தேவல்ல. தெரியாத சொல்லுன்னா தெரியாதுன்னு செல்லணும். ஊகிச்சிச் செல்றது பொறுப்பில்லாத வேல. ஒரு புள்ளைட உசிரு போயீக்கும்.

ஜெனிஸ்டா: அவங்களும் சின்னப் புள்ளதானேக்கா. அந்தச் சொல்லு அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?

நிப்லா: தெரியாது தான். டவுன்ல முஸ்லிம் ஊடுகள்ல கொமருப் புள்ளகளுக்கு முன்னுக்கு இதெல்லாம் யாரு கதைக்கிற? முழுகுறதுன்னா தலைக்கித் தண்ணி ஊத்துற, அவ்வளவு தான் தெரியும். ஆனா அது ஒரு சாட்டு இல்ல.

ஜெனிஸ்டா: முஸ்லிம் புள்ளன்னு நா சொல்லலையே.

நிப்லா: …ஸ்கூல் உடுப்புன்னு சென்னாய்.

ஜெனிஸ்டா: ஸ்கூல் உடுப்புன்னா எல்லாருக்கும் வெள்ளதானேக்கா.

நிப்லா: சிங்களம் சரளமா கதைச்சான்னும் சென்னாய் தானே. அத வெச்சி நெனச்சேன். என்னமோ. பெரிய விசயமா?

ஜெனிஸ்டா: இல்ல, இல்ல. அப்பிடித்தான் இருக்கும்.

நிப்லா: அந்தப் புள்ளைக்கி என்ன நடந்திச்சி?

ஜெனிஸ்டா: அழுதாங்க. செவுத்துல சாஞ்சிக்கிட்டு அப்பிடி அழுதாங்க. அம்மா பேசப் போனாங்க. அதுக்குள்ள அவங்க அப்பா கூப்பிட்டாரு. போயிட்டாங்க.

நிப்லா: கூப்பிட்டாரா… பேரச் செல்லியா?

ஜெனிஸ்டா: ஆமா, ரெண்டு தடவ.

நிப்லா: கேட்டிச்சா ஒனக்கு?

ஜெனிஸ்டா: …ஹோல்ல ஒரே சத்தங்கக்கா.

நிப்லா: ம்.

ஜெனிஸ்டா: அந்தப் ‘பொறுப்பற்ற’வ எடுத்துருங்க.

நிப்லா: வேற என்ன போடச் செல்ற?

ஜெனிஸ்டா: அந்த ஹோல்ல அன்னைக்கு அம்பது பேராவது இருந்தாங்க. தமிழ் தெரிஞ்சவங்க பத்துப் பேராச்சும் இருந்திருப்பாங்க. எல்லாரும் கையில நம்பரப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. எழும்பினது அவங்க ஒருத்தர்தான். அவங்க எழும்பலன்னா அம்மா விழுந்ததையே யாரும் அறிஞ்சிருக்க மாட்டாங்க. தப்பா சொன்னது ஒரு சொல்லு. சரியா சொன்னது எத்தனன்னு யாராவது எண்ணினாங்களா? நா டொக்டரப் பாத்து ஆசப்படலக்கா. எழும்பின அவங்களப் பாத்துத்தான் ஆசப்பட்டேன். அவங்க மாதிரி எழும்பணும், ஆனா சொல்லு தெரிஞ்சி எழும்பணும். அப்புறந்தான் தெரிஞ்சிச்சு, சொல்லு தெரிஞ்சா மட்டும் போதாது, இராமசாமி தாத்தா மாதிரி ஆளுக்கு உள்ள என்னன்னும் தெரியணும்னு. அதுக்குத்தான் மெடிசின். இத எழுத முடியுமா? நல்ல தமிழா வருமா?

நிப்லா: வாய மூடு கொஞ்சம். டைப் பண்ண விடு.

ரிஸ்வி: மழ தொடங்கிட்டு! லைட் ஒரு தடவ மினுங்கினது கண்டீங்களா? மணி மூணு இருவது. என்ன, ரெண்டு பேரும் செத்த ஊட்டுல ஈக்கிற மாதிரி ஈக்கிறீங்க?

நிப்லா: நானா, குடிக்க ஒரு பிளேன்டி. ரெண்டு. இஞ்சி போட்டு.

ரிஸ்வி: ஓடர் மட்டும் கொறச்சல் இல்ல.

நிப்லா: கேளு. “எனது குறிப்பேட்டின் முதற்சொல், ஒரு மாணவி தவறாக மொழிபெயர்த்த சொல். ஐம்பது பேர் இருந்த இடத்தில் உதவ எழுந்து வந்தவர் அவர் ஒருவரே. அன்று அவரிடம் மனம் இருந்தது; சொல் இல்லை. ஐந்து ஆண்டுகளாகச் செவ்வாய்க்கிழமைகளில் நான் சொற்களைச் சேர்த்து வருகிறேன். நூற்று அறுபத்து மூன்று சேர்ந்துள்ளன. அவற்றில் ஒன்றை நானும் தவறாகச் சொல்லியிருக்கிறேன். அன்று ஒரு முதியவரைக் காப்பாற்றியது எனது மொழியறிவு அல்ல, மருத்துவரின் அறிவு. அந்த அறிவைப் பெறவே விண்ணப்பிக்கிறேன்.”

ஜெனிஸ்டா: …அக்கா.

நிப்லா: பிழ ஈக்கா?

ஜெனிஸ்டா: இல்லக்கா. இது நாந்தான்.

நிப்லா: நீதான். நான் ஒரு சொல்லும் கூட்டல்ல. இதுக்கு நான் சத்தியம் பண்ணுவேன். இங்கிலீஷ்ல மாத்த அரை மணித்தியாலம் போதும். நல்ல காலம், நீ செல்லச் செல்ல பாதிய மாத்திட்டேன். ஜெனிஸ்டா…

ஜெனிஸ்டா: என்னக்கா?

நிப்லா: அடுத்த செவ்வா… மொத பஸ் இரத்தோட்டைக்கி எத்தன மணிக்கி வரும்?

ஜெனிஸ்டா: ஆறே கால். ஏன்க்கா?

நிப்லா: சும்மா. ஒனக்குக் கெடச்சி நீ போயிட்டா இங்க கிளினிக்குக்கு வார ஆக்களுக்கு ஒராள் வேணும் தானே. கொப்பிய போட்டோகொப்பி அடிக்கிறேன், நூத்தி அறுவத்தி மூணும் பாடமாக்கணும். சிரிக்காத.

ஜெனிஸ்டா: சிரிக்கல.

நிப்லா: சிரிக்கிறாய். இந்தா, இங்கிலீஷும் முடிஞ்சி, போம். மணி மூணு அம்பது. ரெண்டாவது ரெஃபரி. இப்பயாவது பேரச் செல்லு, இல்லாட்டி நான் ரிஸ்வி நானாட பேரப் போட்டுருவேன்.

ஜெனிஸ்டா: போடுங்க. நிப்லா பாறூக். சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர், இரத்தோட்டை.

நிப்லா: பைத்தியமா ஒனக்கு? ‘விண்ணப்பதாரியை எத்தனை வருடங்களாக அறிவீர்?’னு கேட்டீக்கி. கொறஞ்சது அஞ்சு. ஒன்னய எனக்கு மூணு கிழமையாத் தான் தெரியும். பொய்யொண்ண எழுதி நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.

ஜெனிஸ்டா: பொய் எழுத வேணாங்கக்கா. பத்து வருசம்னு போடுங்க. அன்னைக்கு உங்க வாப்பா ரெண்டு தடவ கூப்பிட்டாருல்ல… எனக்கு நல்லாவே கேட்டுச்சு.